சபாவின் ஜிமெயிலும் ஃபேஸ்புக் பக்கமும் கைவிட்டுப் போய்விட்டன, பிள்ளைகளின் ஆதார் நகல்கள் உள்ளே இருக்கின்றன: உதவி தேவை

காவிரிக்கரை, சனி காலை 10.20

வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சிறிய ஊரில் இசை, நாட்டிய சபா நடத்துகிறோம். நான் இணைச் செயலாளர். பதிவு செய்த சங்கம், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி உண்டு, 340 உறுப்பினர்கள். மாதம் ஒரு கச்சேரி, தை மாதத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு, நாட்டியப் போட்டி. சம்பளத்துக்கு ஆள் கிடையாது, எல்லோரும் வேலை முடிந்து வந்து உழைப்பவர்கள்.

வியாழன் மாலை ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. போன மாதக் கச்சேரி வீடியோவில் பதிப்புரிமை மீறல் இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நீக்கப்படும் என்று. பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதிலிருந்த லிங்கை அழுத்தி, பாஸ்வேர்டையும் மொபைலுக்கு வந்த எண்ணையும் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தியாகராஜர் கிருதியை எங்கள் மேடையில் பாடினாலே ஏதோ ஒரு கேசட் கம்பெனியின் உரிமை என்று ஃபேஸ்புக் தானாகவே நிறுத்தி வைத்த அனுபவம் எங்களுக்கு மூன்று நான்கு முறை உண்டு. அதனால் இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டான்.

பக்கம் போய்விட்டது. சபா ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு, ஐந்து பேருக்குத் தெரிந்தது. வெள்ளி இரவு அதுவும் போய்விட்டது. இன்று காலை உறுப்பினர்களுக்கு எங்கள் மெயிலிலிருந்தே ஒரு கடிதம் போயிருக்கிறது: மூத்த வித்வான் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இந்த எண்ணுக்கு ஜிபே செய்யுங்கள் என்று. ஒருவர் 5,000, இன்னொருவர் 12,000 ரூபாய் அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கம் போனது வேறு காரணத்துக்காக. அந்த மெயிலின் டிரைவில் உறுப்பினர் பட்டியல், நன்கொடையாளர்களின் பான் எண்கள், போட்டிக்கு வயதுச் சான்றாக வாங்கிய 86 பிள்ளைகளின் ஆதார் நகல்கள் எல்லாம் இருக்கின்றன. தலைவர் பெரியவர், "வெளியே தெரிந்தால் நாற்பது வருடப் பெயர் போய்விடும், சத்தமில்லாமல் சரிசெய்" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

சர்வர்_சேலம், சனி காலை 10.41

மேடம், முதலில் பணம் அனுப்பிய இரண்டு பேரையும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவர்களே அழைப்பது நல்லது. யுபிஐ பரிவர்த்தனையில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் கூட வித்தியாசம்தான். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அழைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஜிமெயில். நீங்கள் வழக்கமாக அந்த மெயிலைத் திறக்கும் அதே கம்ப்யூட்டரில், அதே இடத்தில் உட்கார்ந்து கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். புது போனிலிருந்து முயன்றால் கூகுளே உங்களைச் சந்தேகப்படும். திருடன் மீட்பு எண்ணை மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை 7 நாள் வரை கூகுள் தரக்கூடும். அந்த எண் யாருடையது?

காவிரிக்கரை, சனி காலை 11.15

இருவரும் 1930-க்கு அழைத்துவிட்டார்கள், புகார் எண் வந்திருக்கிறது. மீட்பு எண் முன்னாள் பொருளாளருடையது. அவர் பொறுப்பை விட்டு ஆறு வருடம் ஆகிறது, இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நல்லவேளை, எண்ணை மாற்றவில்லை. கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

காவிரிக்கரை, சனி மதியம் 1.05

ஜிமெயில் திரும்பிவிட்டது! சார் போனிலேயே எண்ணைப் படித்துச் சொன்னார். புது பாஸ்வேர்டு போட்டுவிட்டேன். இதற்கு மேல் ஆபத்து இல்லைதானே?

சர்வர்_சேலம், சனி மதியம் 1.22

இருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றியதும் நிம்மதியாகி அடுத்த வாரம் மறுபடி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் அவனுக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு ஃபில்டர்கள். வங்கி என்றோ ஃபேஸ்புக் என்றோ வரும் கடிதங்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டர் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அப்புறம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன, எந்தெந்த ஆப்களுக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தெரியாததை எல்லாம் நீக்குங்கள். மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள்.

டிரைவ் விஷயம் கஷ்டமானது. சாதாரண ஜிமெயில் கணக்கில் யார் எந்தக் கோப்பை டவுன்லோடு செய்தார் என்ற பதிவு உங்களுக்குக் கிடைக்காது. கூகுள் டேக்அவுட் பக்கத்தில் மொத்தமாக ஏற்றுமதி செய்த வரலாறு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லாவிட்டாலும் ஒரு ராத்திரி முழுக்க அவன் உள்ளே இருந்திருக்கிறான். ஆதார் நகல்கள் போய்விட்டன என்று வைத்துக்கொண்டுதான் மற்றதை யோசிக்க வேண்டும்.

காவிரிக்கரை, சனி மாலை 4.30

ஃபார்வர்டிங்கில் ஒரு முகவரி இருந்தது. கை நடுங்கிவிட்டது. ஃபில்டரும் இருந்தது, ஃபேஸ்புக் கடிதங்களை அழிக்கும்படி. இரண்டையும் படம் எடுத்துவிட்டு நீக்கினேன். உறுப்பினர் பட்டியல் ஷீட் "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று மூன்று வருடமாகத் திறந்தே இருந்திருக்கிறது, அதையும் மூடினேன்.

சட்டப்படி எங்களுக்கு என்ன கடமை? தலைவரிடம் எதைச் சொல்லிப் பேசுவது?

கணக்குப்பிள்ளை, சனி மாலை 6.10

நான் சிறு அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் தணிக்கை பார்ப்பவன். சட்டம் கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் வழக்கறிஞரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அங்கிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். சிறிய சபா என்பதற்காகத் தானாகக் கிடைக்கும் விலக்கு எதுவும் அதில் இல்லை. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்லி 72 மணி நேரத்தில் விரிவான அறிக்கை தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் உண்மை என்று சரிபார்க்கவும் வேண்டும். தகுந்த பாதுகாப்பு இல்லாததற்கு உச்சபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். இந்தத் தொகையைக் காட்டித் தலைவரைப் பயமுறுத்த வேண்டாம், தவறின் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குப் புரிந்தால் போதும்.

இதற்கு முன்பிருந்தே ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, இணையத் தாக்குதலைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சமூக ஊடகக் கணக்கை அத்துமீறிப் பிடிப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. நேரம் தாண்டிவிட்டாலும் இன்றே அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் சபாவின் பெயரிலும் தனிப் புகார் பதியுங்கள். நாளை ஒரு பெற்றோர் வந்து கேட்டால் அந்தப் புகார் எண்தான் உங்கள் கையில் இருக்கும்.

80ஜி ரசீதுக்கும், நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்குத் தர மே 31-க்குள் தாக்கல் செய்யும் 10பிடி படிவத்துக்கும் பான் போன்ற ஓர் அடையாள எண் வாங்கித்தான் ஆக வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் தாக்கல் முடிந்த பிறகும் அந்தப் பட்டியலை எல்லோரும் திறக்கும் டிரைவில் வைத்திருக்க அவசியமில்லை. ஆதாரோ வயதுச் சான்றுக்குத் தேவையே இல்லை. பிறப்புச் சான்றிதழை நேரில் பார்த்து, "பார்த்தேன்" என்று எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். நகல்தான் வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வாங்குங்கள்.

கூத்துமேடை_மதுரை, சனி இரவு 8.02

நான் ஒரு நாடகக் குழு நடத்துகிறேன். சட்டம் சரி, ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறது. ஆதார் எடுக்கப்பட்டதா என்றே உறுதியாகத் தெரியாதபோது 86 வீட்டுக்கும் சொன்னால் பீதிதான் மிஞ்சும். அடுத்த வருடம் போட்டிக்கு யார் பிள்ளையை அனுப்புவார்கள்? ஒரு வாரம் பொறுத்து, நிலைமை தெளிந்த பிறகு சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

வர்ணம், சனி இரவு 8.37

கூத்துமேடை அண்ணா, நான் ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். என் மகள் வருடத்துக்கு ஐந்து போட்டிக்குப் போகிறாள். ஒவ்வொரு இடத்திலும் ஆதார் கேட்கிறார்கள், நானும் யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அந்த நகலில் அவள் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, முகம் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தப் பள்ளி, எந்த குரு, எத்தனை மணி வகுப்பு என்பது வரை எழுதியிருப்பேன். நாளை யாரோ போன் செய்து "உங்கள் மகள் தேர்வாகிவிட்டாள், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்றால் நான் நம்பிவிடுவேன், ஏனென்றால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அந்தப் போன் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், அந்த ஒரு வாரம் என் குழந்தை விஷயத்தில் என்னை இருட்டில் வைத்த சபா என்றுதான் நினைப்பேன். இன்றே சொன்னால் வருத்தப்படுவேன், ஆனால் அடுத்த வருடமும் அனுப்புவேன்.

கூத்துமேடை_மதுரை, சனி இரவு 8.55

நீங்கள் சொல்வது சரிம்மா. அந்தப் போன் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

டொரன்டோ_தம்புரா, சனி இரவு 10.14

காவிரிக்கரை அக்கா, நான் இங்கே ஒரு சிறு கலை அமைப்பில் டிக்கெட், மெயில் வேலை பார்க்கிறேன். உங்கள் தலைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2022 ஜூலையில் வேர்ட்ஃபிளை என்ற மெயில் அனுப்பும் சேவையின் மீது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. கலை அமைப்புகள் பலவும் ரசிகர்களுக்கு மெயில் அனுப்ப அதைத்தான் நம்பியிருந்தன. இங்குள்ள டொரன்டோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் சிட்னி டான்ஸ் கம்பெனியும் பாதிக்கப்பட்டவற்றில் உண்டு. "உங்கள் பெயரும் மெயில் முகவரியும் வெளியே போயிருக்கலாம்" என்று அவர்களே ரசிகர்களுக்கு எழுதினார்கள். அதே வருடம் டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஒபேராவின் இணையதளமும் டிக்கெட் விற்பனையும் ஒரு வாரத்துக்கு மேல் முடங்கின. மேடையில் நிகழ்ச்சிகள் நிற்கவில்லை. அதையும் மறைக்கவில்லை. அவ்வளவு பெரிய இடங்களே சொன்னபோது நாம் சொல்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

சிறிய இடத்துக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. 340 பேரை நீங்கள் முகம் பார்த்தே அறிவீர்கள். மெயிலை நம்ப வேண்டாம் என்று போனில் சொல்லலாம்.

காவிரிக்கரை, ஞாயிறு மாலை 5.50

தலைவர் வீட்டுக்குப் போய் உங்கள் பதில்களைப் படித்துக் காட்டினேன். வர்ணம் எழுதியதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேத்தியின் ஆதாரும் அந்த 86-இல் இருக்கிறது. "நானே எழுதுகிறேன்" என்றார். அவர் எழுதி அனுப்பிய கடிதம் இது, வேறு யாருக்காவது உதவும் என்று போடுகிறேன்:

"சபா உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். வெள்ளி இரவு நம் சபாவின் மின்னஞ்சல் வேறொருவர் கைக்குப் போய், சனி மதியம் மீட்கப்பட்டது. அந்த நேரத்தில் உங்கள் பெயர், போன் எண், நன்கொடையாளர்களின் பான் எண், போட்டிக்குத் தந்த ஆதார் நகல் ஆகியவற்றை அவர் எடுத்திருக்கக்கூடும். சபா பெயரில் பணம் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும் அனுப்ப வேண்டாம், எனக்கோ செயலாளருக்கோ போன் செய்து கேளுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்ல வேண்டாம். பான் தந்தவர்கள் தங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று சிபில் அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். புகார் பதிந்திருக்கிறோம். நம் கவனக்குறைவு, பொறுத்துக்கொள்ளக் கேட்கிறேன்."

வாட்ஸ்அப் குழுவில் போட்டோம், நோட்டீஸ் பலகையில் ஒட்டினோம், 86 வீட்டுக்கும் நாங்கள் ஆறு பேர் பிரித்துக்கொண்டு போன் செய்தோம். கோபப்பட்டவர்கள் நான்கு பேர். ஒரு அப்பா நேரில் வந்து சத்தம் போட்டார், அவர் பக்கம் நியாயம் இருந்தது, கேட்டுக்கொண்டோம். மூன்று பேர், தங்களுக்கு ஏற்கெனவே ஒரு போன் வந்தது, சந்தேகப்பட்டு வைத்துவிட்டோம் என்றார்கள்.

இனி எப்படி வைத்துக்கொள்வது? ஐந்து பேருக்கும் மெயில் பார்க்க வேண்டியிருக்கிறதே.

சர்வர்_சேலம், ஞாயிறு இரவு 7.30

உங்கள் சபா காசோலையில் எத்தனை கையெழுத்து வேண்டும்? செயலாளர், பொருளாளர் இரண்டு பேருடையது, சரிதானே. பணத்துக்கு அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு மெயிலை ஒரே பாஸ்வேர்டில் விட்டிருக்கிறீர்கள். பதிவு செய்த லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் ஒர்க்ஸ்பேஸை இலவசமாகத் தருகிறது, பதிவுச் சான்றிதழோடு விண்ணப்பித்துப் பாருங்கள். கிடைத்தால் ஐவருக்கும் தனித்தனி லாகின் கொடுக்கலாம், கோப்புகள் சபாவின் பொது டிரைவில் இருக்கும். நிர்வாகி மாறும் அன்றே அவர் லாகினை எடுத்துவிடலாம். அது வரும்வரை ஜிமெயிலிலேயே டெலிகேஷன் என்ற வசதி இருக்கிறது, பாஸ்வேர்டு சொல்லாமலே மற்றவர்கள் தங்கள் ஜிமெயிலிலிருந்து சபா மெயிலைப் பார்த்துப் பதில் போடலாம்.

டூ-ஸ்டெப்புக்கு, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகள் தருவார்கள். அவற்றை அச்செடுத்து உறையில் ஒட்டி, மினிட் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு முழு அதிகாரம் உள்ளவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், இருவருக்கும் டூ-ஸ்டெப் இருக்கட்டும். பொதுக்குழுவில் புது நிர்வாகிகள் வரும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கைமாற்றி, மினிட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

காவிரிக்கரை, புதன் இரவு 9.15

12,000 ரூபாயில் 9,000 வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக அந்த உறுப்பினருக்குத் தகவல் வந்திருக்கிறது. 5,000 போனது போனதுதான். தம்பிக்குத் தன் சொந்த ஃபேஸ்புக் கணக்கு திரும்பிவிட்டது, ஆனால் பக்கத்திலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள், பக்கம் இன்னும் அவர்கள் கையில்தான். பதினொரு வருடக் கச்சேரி வீடியோக்கள் அதில் இருக்கின்றன. வேறு பிரதி வைத்திருக்கிறோமா என்று இன்று ஆள் ஆளுக்குத் தேடினோம். மிருதங்க மாஸ்டர் வீட்டு ஹார்டு டிஸ்கில் 2019 வரை உள்ளவை கிடைத்திருக்கின்றன.

ஆதார் நகல்களை டிரைவிலும் குப்பைத் தொட்டியிலும் இருந்து நீக்கிவிட்டோம், வாட்ஸ்அப்பில் வந்தவற்றையும் அவரவர் போனிலிருந்து அழிக்கச் சொன்னோம். அடுத்த போட்டியின் விண்ணப்பத்தில் ஆதார் கேட்கும் வரியைத் தலைவரே பேனாவால் அடித்துவிட்டார்.

பக்கத்தை மீட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், இந்த இழையை மூடவில்லை.