மறு: டெய்லிங்ஸுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கிருஷ்ணகிரி: வணக்கம். கோலார் தங்கவயல் பற்றி ஒன்பதாம் வகுப்புக்குப் பாடத்தாள் எழுதுகிறேன். தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சும் மண்ணுக்கு (ஆங்கிலத்தில் டெய்லிங்ஸ்) என்ன பெயர் வைப்பது? 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது 3 கோடி டன்னுக்கு மேல் மேடு மேடாக நின்றது. 'டெய்ல்' என்றால் வால் என்பதற்காக 'வால்பொருள்' என்று எழுதக் கை வரவில்லை.

ஓசூர்: கசடு. 'கசடற' என்று வள்ளுவரே கொடுத்துவிட்டார், வேறென்ன வேண்டும்?

பென்னாகரம்: ஐயா, கசடு பாடநூலில் ஏற்கெனவே உலையில் உருகி மிதப்பதற்குப் போய்விட்டது. இந்த மண் உலைப்பக்கமே போகாதது. 'அரைதூள்' எனலாம், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை.

ஓசூர்: அச்சகத்தில் ஒற்றுப் போட்டு 'அரைத்தூள்' ஆக்கிவிடுவார்கள் அம்மா. பிள்ளைகள் பாதித் தூள் என்று படிக்கும்.

அரூர்: மண்டி! அடியில் தங்குவது. மண்டு, மண்டல், வண்டல் எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி: வேண்டாங்க. எங்கள் ஊரில் மண்டி என்றால் மாங்காய் மண்டிதான்.

வேப்பனப்பள்ளி: என் தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் வாயில் 'சைனைட் மண்ணு'தான். காற்றடித்தால் சோற்றில் வந்து விழுமாம். இருக்கிற பேரை விட்டுவிட்டு எதைத் தேடுகிறோம்?

ஓசூர்: அது பேச்சு, கலைச்சொல் அல்ல.

பென்னாகரம்: தூய்மை கிடக்கட்டும், பொருளே தப்புகிறது. சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். தங்கிவிடுவது ஆர்செனிக்கும், கந்தகம் சேர்ந்த இரும்புக் கனிமங்களும். அவற்றில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் உண்டாகி, உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கும். சுண்ணாம்பு இடுவதும், நல்ல மண் மூடிச் செடி வளர்ப்பதும் அதற்காகத்தான். பெயரில் சயனைடு இருந்தால் பிள்ளை அதற்கு மட்டும் பயப்படும்.

அரூர்: சரி, அந்த அமிலத் தண்ணீருக்கு? 'வடிகால்' என்றால் யாரோ வெட்டிவிட்டது போல இருக்கிறது. 'அமில ஊறல்'?

வேப்பனப்பள்ளி: நம் பக்கம் ஊறல் என்றால் போலீஸ் வரும்.

கிருஷ்ணகிரி: இன்று வெள்ளி. தண்ணீருக்கு 'அமில வடிநீர்', மண்ணுக்குக் 'கழிமண்' என்று போட்டுவிட்டேன். தனிமடலில் மூன்று பேர் சரி என்றார்கள். ஊர்வழக்கு என்று சைனைட் மண்ணும் ஓரிடத்தில் வருகிறது.

ஓசூர்: என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?

கிருஷ்ணகிரி: பார்த்தேன். பாதிப் பேர் 'களிமண்' என்றார்கள். தாள் அச்சாகிவிட்டது ஐயா.