கடற்காற்றில் அனலாக் சிந்த் சுருதி நிற்குமா?

தங்கச்சிமடம்_கீஸ்:
பதினொரு வருஷமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது கோர்க் கம்பெனியின் மோனோலாக் என்ற அனலாக் சிந்த் (மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் கீபோர்டு) வாங்க ஆசை. 25 கட்டை, 1.7 கிலோ, 6 ஏஏ பேட்டரியிலும் ஓடும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். எனக்கு அதுவே போதும். நாகஸ்வரம் போல சுரத்துக்குச் சுரம் வழுக்கிப் போக வேண்டும். வீட்டில் பதிவு செய்யவும் அதுதான்.

பயம் ஒன்றே ஒன்று. போன திருவிழாவில் நண்பரின் பழைய அனலாக் கருவியை வாசித்தேன். மேடைக்குப் பின்னாலேயே கடல். சாயங்காலம் சேர்த்த சுருதி ஒன்பது மணிக்கு விலகிவிட்டது. பல்லவியின் நடுவில் பாடகி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

தொண்டி_சவுண்டு:
அனலாக்கில் சுருதியைத் தருவது டிரான்சிஸ்டர் சுற்று. சூடு மாறினால் சுரமும் மாறும். வாசிப்பதற்கு இருபது நிமிஷம் முன்பே ஆன் செய்துவிடுங்கள், அப்புறம் சுருதி பாருங்கள். ஜெனரேட்டர் மேடை என்றால் பேட்டரியில் ஓட்டுவது நிம்மதி.

உப்புதான் மெதுவாகக் கொல்லும். கச்சேரி முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். திருகும் நாப் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம்.

கீழக்கரை_ஸ்டூடியோ:
ஸ்டூடியோவுக்கு மட்டும் என்றால் அதே கோர்க்கின் மினிலாக்கைச் சொல்லியிருப்பேன். 4 சுரம் சேர்ந்து ஒலிக்கும், 37 கட்டை. ஆனால் பேட்டரி கிடையாது. உங்களுக்கு மோனோலாக்தான் சரி. அதில் மைக்ரோ டியூனிங் இருக்கிறது, ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் நகர்த்தலாம். அந்தர காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்து, தம்புராவோடு கேட்டுப் பாருங்கள், காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும்.

தங்கச்சிமடம்_கீஸ்:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று நண்பரின் கருவியை வாங்கி வந்து திண்ணையில் வைத்தேன். முதல் பத்து நிமிஷம் டியூனர் முள் அலைந்தது, அரை மணியில் நடுவில் நின்றது. சரி என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். முள் மறுபடி நகர்ந்தது! அப்படியென்றால் அன்றைக்கும் காற்றுதான். அடுத்த மேடையில் என் பக்கம் தென்னந்தட்டி கட்டச் சொல்லிவிட்டேன்.