நம்ம லயம் வருகிற படப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?

பீலிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். 17 பிள்ளைகள், எல்லோருக்கும் 4, 5 வயது. அதிகம் லயத்துப் பிள்ளைகள்தான், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் வளர்கிறவர்கள். டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்று வருகிறது, அப்பா சிங்களம், அம்மா தமிழ் என்று இரட்டைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

போன வாரம் வீட்டைப் பற்றிய ஒரு படப் புத்தகம் வாசித்துக் காட்டினேன். மாடி வீடு, முன்னால் பூந்தோட்டம், அப்பா நாற்காலியில் பேப்பர் பார்க்கிறார். முடித்துவிட்டு 'இப்ப உங்க வீட்டை வரைங்க' என்றேன், முக்கால்வாசிப் பேர் மாடி வீடுதான் வரைந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் தாளின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நீளமாக ஒரு கூரை போட்டு, கீழே ஆறு கதவு வரைந்து, மூன்றாவது கதவுக்கு மட்டும் நீலம் அடித்தாள். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து 'இது வீடு இல்ல, லயம்' என்றான். அவள் ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து அந்த நீலக் கதவை அழிக்க ஆரம்பித்தாள். பேஸ்டல் அழியுமா? தாள்தான் கிழிந்தது.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. பலவிதமான பிள்ளைகளும் பலவிதமான வீடுகளும் வருகிற, 'நானும் இங்கேதான், நீயும் இங்கேதான்' என்று பிள்ளைக்குப் படுகிற தமிழ்ப் படப் புத்தகங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஊவாக் குயில்:
மிஸ், அந்தப் பிள்ளை கதவை அழித்ததை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990ல் எழுதிய ஒரு கட்டுரையில், புத்தகம் பிள்ளைக்குச் சன்னலாகவும் இருக்கும், கண்ணாடியாகவும் இருக்கும் என்கிறார். சன்னல் வழியாக மற்றவர் வாழ்க்கையைப் பார்க்கலாம், கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம். நம் பிள்ளைகளுக்கு எல்லாமே சன்னல்தான். சென்னைத் தெரு தெரிகிறது, யாழ்ப்பாணத்துப் பனை தெரிகிறது, ஆங்கிலத்திலிருந்து வந்த கதையில் பனிகூடத் தெரிகிறது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பிள்ளை எந்தப் பக்கத்திலும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டவுனில் படிக்கிற சிங்களப் பிள்ளைக்கு நம்மைத் தெரிவது தேயிலைப் பக்கெட்டில் கூடையோடு சிரிக்கிற அக்கா வழியாக மட்டும்தான். அதனால் நம் கண்ணாடி அவர்களுக்கு நல்ல சன்னலாக இருக்கும். புத்தகம் செய்தால் இரண்டு மொழியிலும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மேல்கணக்கு:
நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு பயம். 'மலையகப் புத்தகம்' என்று யாராவது ஆரம்பித்தால் முதல் பக்கத்திலேயே கொழுந்து எடுக்கிற அம்மா வந்துவிடுகிறார். என் அக்கா குவைத்தில் வேலை செய்கிறார், மகன் அம்மாயியிடம் (அம்மாவின் அம்மா) வளர்கிறான். பக்கத்து வீட்டுத் தங்கச்சி கொழும்பில் கார்மன்ட்ஸில் இருக்கிறாள். மலையில் இன்றைக்கு இப்படி எத்தனை வீடு! கூடை சுமக்கும் அம்மாவின் படத்தைக் காட்டி 'இதுதான் உங்க அம்மா' என்றால் அந்தப் பையன் எங்கே பார்ப்பான்? இரவில் வட்ஸ்அப்பில் முகம் தெரிகிற அம்மாவும் ஒரு பக்கத்தில் வரட்டும்.

அப்புறம், தயவுசெய்து பாடம் எடுக்காத கதையாகப் பாருங்கள். 1962ல் அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் ஒரு கறுப்பினச் சிறுவனை நாயகனாக வைத்துப் படப் புத்தகம் செய்தார். சிவப்புக் குளிராடை போட்ட பையன் பனியில் காலடித் தடம் பதிக்கிறான், பனி உருண்டை ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான், அது கரைந்துபோகிறது. கதை அவ்வளவுதான், அவன் நிறத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அடுத்த வருடம் அதற்கு, அமெரிக்காவில் படப் புத்தகத்துக்குக் கொடுக்கிற கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. நம் பிள்ளையும் அப்படிச் சும்மா விளையாட வேண்டும், மழை விட்டதும் லயத்து வாசலில் கப்பல் விட வேண்டும். யாரும் அவனைப் பார்த்துப் பாவப்படக் கூடாது.

நூலகப்படி:
சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் குடைத் திருடன் கதையை எடுத்துப் பாருங்கள் மிஸ். 1956ல் சிங்களத்தில் வந்தது, படமும் அவரே வரைந்தது. குடையே பார்த்திராத கிராமத்தில் மழைக்கு வாழை இலையும் சாக்கும் போட்டுக்கொண்டு நடப்பார்கள். சிங்களப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தமிழில் சொன்னேன். சாக்குப் போட்டவர் படம் வந்ததும் ஒரு பொடியன் எழுந்து, 'எங்க அப்பாயியும் மழைக்குப் படங்கு போடுவாங்க' என்றான். அது சிங்களக் கிராமம் என்பது அவனுக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. உங்கள் இரட்டைப் பிள்ளைகளுக்குச் சில வரிகளைச் சிங்களத்திலேயே வாசியுங்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

தமிழில் நிறைய வேண்டுமென்றால் இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத் தளம் இருக்கிறது. இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம். திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டு, மாற்றியிருக்கிறோம் என்று குறிப்பிட்டுவிட்டால் சொற்களையும் மாற்றிக்கொள்ளலாம். நான் 'பாட்டி'யை 'அம்மாயி' ஆக்கினேன், 'டீ'யைத் 'தேத்தண்ணி' ஆக்கினேன். இரண்டே சொல்தான், பிள்ளைகள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

மாத்தளையான்:
கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இருந்தால், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு நடந்து வந்த கதையையும் சொல்லுங்கள். அவர்கள் வரத் தொடங்கிய 1823லிருந்து எண்ணினால் 200 வருடம், அதை நினைத்துத்தான் 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 1948ல் நம் மக்களின் குடியுரிமை போனதை 5 வயதுக்குச் சொல்ல முடியாது, ஆனால் 'உன் பாட்டனுக்குப் பாட்டன் இந்தக் காட்டுக்குள் நடந்து வந்தார்' என்றால் அதுவே பெரிய கதை.

பீலிக்கரை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த வாரம் நாங்களே ஒரு புத்தகம் ஆரம்பித்துவிட்டோம். பக்கத்துக்கு ஒரு கதவு, அட்டையில் வெட்டி ஒட்டியது, திறந்தால் உள்ளே அந்த வீட்டில் யார் என்று பிள்ளையே வரைய வேண்டும். கடைக்காரர் பிள்ளையின் பக்கத்தில் தகரக் கதவு மேலே சுருள்கிறது. இரட்டைப் பிள்ளைகளின் கதவுக்குள் அப்பா பக்கத்து ஆச்சியும் அம்மா பக்கத்து அம்மாயியும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்ஸ்அப் அம்மா மூன்று கதவுக்குள் இருக்கிறார், மேல்கணக்கு சொன்னதற்குப் பிறகுதான் எனக்கே கேட்கத் தோன்றியது. நீலக் கதவுப் பிள்ளையிடம் அந்தக் கிழிந்த தாளைக் கேட்டேன், மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்திருந்தாள். பின்னால் அட்டை வைத்து ஒட்டி, அவள் சம்மதத்தோடு மேலட்டையாகப் போட்டிருக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். மாவுப் பசை இந்த ஈரத்துக்கு நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது. நுவரெலியாப் பக்கம் இப்படிப் புத்தகம் செய்தவர்கள் என்ன பசை போடுகிறீர்கள்?