மருத்துவ உதவியாளர் பணியை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளலாமா?

முல்லைக்கொடி எழுதியது:

என் தங்கை மருத்துவ உதவியாளர் பயிற்சியை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். எடை, வெப்பநிலை, இரத்த அழுத்தம் பார்ப்பது, இரத்தம் எடுப்பது, ஈ.சி.ஜி. எடுப்பது, மருத்துவர் சொல்லும் ஊசியைப் போடுவது ஒரு புறமும், பதிவேடு, முன்பதிவு, தொலைபேசி ஆகியவை மறுபுறமுமாக இருக்கும் இந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவள் இதிலேயே நிலைத்திருக்க விரும்புகிறாள். நானோ, ஓரிரு ஆண்டு அனுபவம் பெற்றபின் செவிலியர் படிப்புக்குப் போகட்டும் என்று நினைக்கிறேன். இத்துறையில் இருப்பவர்களும் விலகியவர்களும் தங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதினால், நாங்கள் இருவரும் சேர்ந்தே படிப்போம்.

கார்முகில் எழுதியது:

நான் உங்கள் தங்கையின் பக்கம் நிற்கிறேன். இந்தப் பணியை வேறொன்றுக்குப் போகும் வழியாக மட்டும் பார்ப்பவர்கள், இதற்குள் இருக்கும் கைத்தேர்ச்சியைக் கவனிப்பதில்லை.

இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். சுற்றும் பட்டை அவருடைய மேற்கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். பட்டை சிறியதாக இருந்தாலோ, அளக்கும்போது அவர் பேசிக்கொண்டிருந்தாலோ, சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலோ அளவு உண்மையைவிடக் கூடுதலாக வரும். அந்த எண்ணை நம்பித்தான் மருத்துவர் மாத்திரையைத் தொடங்குகிறார்.

இரத்தம் எடுப்பதும் அப்படித்தான். குழாய்களை நிரப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ஊதா நிற மூடியுள்ள குழாயில் இருக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. (இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) சிறிதளவு அடுத்த குழாயில் கலந்துவிட்டால், பொட்டாசியம் பொய்யாக உயர்ந்தும் கால்சியம் பொய்யாகக் குறைந்தும் முடிவு வரும். குழாயைப் பலமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் சிதைந்து, அப்போதும் பொட்டாசியம் ஏறித் தெரியும். இல்லாத கோளாறுக்காக ஒரு முதியவர் இரவோடு இரவாக அவசரப் பிரிவுக்கு அனுப்பப்படாமல் இருப்பது, இரத்தம் எடுத்தவரின் நிதானத்தைப் பொறுத்தது.

இதற்கும் மேலான பலன் ஒன்று உண்டு. அது நெடுநாள் ஓரிடத்தில் இருப்பவர்களுக்கே கிடைக்கும். வழக்கமாக வரும் நோயாளியின் முகம், நடை, பேச்சு எல்லாம் நமக்குப் பழகியிருக்கும். சென்ற முறை தானாக எழுந்து நடந்தவர் இம்முறை சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதை முதலில் காண்பவர் உதவியாளர். மருத்துவர் அறையில் இருக்கையில் அமர்ந்த நிலையிலேயே பார்க்கப்படும் நோயாளியிடம் அந்த மாற்றம் தெரியாமலே போகலாம்.

தேரோட்டி எழுதியது:

கார்முகில் சொன்ன நுட்பங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவற்றைப் படிக்கும்போது நான் எதிர் முடிவுக்கே வருகிறேன். இத்தனை விளைவுள்ள வேலை என்றால், அதற்குரிய ஊதியமும் முடிவெடுக்கும் உரிமையும் ஏன் அதோடு சேர்ந்து வருவதில்லை? நான் இந்தப் பணியில் இருந்து விலகியவன். வெறுத்து விலகவில்லை, மேலே போக வழியில்லாததால் விலகினேன். முதல் ஆண்டில் எதைச் செய்ய அனுமதி இருந்ததோ, பத்தாம் ஆண்டிலும் அதற்குத்தான் அனுமதி. உதவியாளர் எதைச் செய்யலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறுவதால், ஓரிடத்தில் ஊசி போட்டுத் தேர்ந்தவர் வேறிடத்தில் பதிவு மேசையோடு நின்றுவிட நேர்கிறது.

மருத்துவர் தாமதமானால் காத்திருப்பவரின் கோபம் மருத்துவரிடம் போவதில்லை. கதவருகே நிற்பவர் மீதுதான் விழுகிறது. உடன் பணிபுரிபவர் விடுப்பில் போனால் அவருடைய தொலைபேசி, அவருடைய அறை, அவருடைய பதிவுகள் எல்லாம் நம்முடையவை ஆகின்றன. அந்த நெருக்கடியில் 5 நிமிட ஓய்வு தந்து இரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி? சரியான முறை எது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய நேரம் தரப்படாமல் இருப்பதுதான் இந்தப் பணியில் மனத்தை அதிகமாக அரிக்கும் விஷயம். களைப்பைத் தூங்கி எழுந்து போக்கிவிடலாம். இதைப் போக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையில் பரிசோதனை முடிவோடு வரும் நோயாளி, அந்தத் தாளை விட்டு நம் முகத்தைப் படிப்பார். “ஏதாவது பெரிதாக இருக்கிறதா?” என்று கேட்பார். நமக்கு அந்த எண் தெரியும். ஆனால் அதற்கு விளக்கம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. “டாக்டர் பார்த்துச் சொல்வார்” என்ற ஒரே வாக்கியத்தை நடுங்கும் ஒரு மனிதரிடம் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்க உங்கள் தங்கை ஆயத்தமா என்று கேளுங்கள்.

கார்முகில் எழுதியது:

தேரோட்டி, நீங்கள் சொல்லும் அந்த நிமிடம் கடினமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எல்லை நம்மைத் தாழ்த்துவதற்காகப் போடப்பட்டதன்று. சிறுநீரகத்தின் செயல்பாட்டை அறிய இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினினின் ஒரே அளவு தசைப்பற்றுள்ள இளைஞரிடம் ஒரு பொருளையும், மெலிந்த முதியவரிடம் வேறு பொருளையும் தரும். உட்கொள்ளும் மருந்துகளும் பழைய முடிவுகளும் சேர்ந்துதான் அந்த எண் பேசும். அரைகுறையாகச் சொல்லிப் பதற வைப்பதும், ஒன்றுமில்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்புவதும் இரண்டுமே தீங்கு.

அதே வேளையில், “டாக்டர் பார்த்துச் சொல்வார்” என்பதோடு நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. எப்போது பார்ப்பார், இன்றே அழைப்பாரா, உடன் யாரையாவது அழைத்து வந்திருக்கிறீர்களா, கேட்க நினைக்கும் கேள்விகளை எழுதித் தரட்டுமா என்று பேசுவதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது. நோயாளிக்கு அந்தக் காத்திருப்பில் தேவைப்படுவது பெரும்பாலும் இதுதான். நேரம் தரப்படாதது பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதைப் பணியின் குறை என்பதைவிட நிர்வாகத்தின் குறை என்பேன்.

வெண்ணிலவு எழுதியது:

நான் மருத்துவர். “காலையிலிருந்து நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, நாளைக்கு வரலாமா?” என்று தொலைபேசியில் கேட்பவருக்கு நாளைய நேரத்தைக் குறித்துக் கொடுக்காமல், பாதியில் என்னை அழைக்கும் உதவியாளர் ஓர் உயிரைக் காக்கிறார். இவர்கள் இல்லாமல் என்னால் ஒரு நாளும் நடத்த முடியாது. பணத்தைவிட இந்த மனநிறைவு பெரிது என்பதே என் எண்ணம்.

தேரோட்டி எழுதியது:

மருத்துவர் அம்மாவுக்கு வணக்கம். உங்கள் நன்றியுணர்வு உண்மையானது என்று நம்புகிறேன். ஆனால் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மனநிறைவு நோயாளியிடமிருந்து உதவியாளருக்குக் கிடைப்பது. அதை நீங்கள் கொடுக்கும் ஊதியத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. உயிரைக் காக்கிறார் என்று நீங்களே சொல்லும் ஒருவருக்கு, அந்தத் திறனுக்கேற்ற ஊதிய உயர்வு ஆண்டுதோறும் எழுத்தில் இருக்க வேண்டும். புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு அடுத்த மாத வாடகையை எண்ணிக் கவலைப்பட்டவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

ஆபத்து பற்றியும் யாரும் பேசவில்லை. பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டால், அதை வெளியே சொன்னால் கவனக்குறைவு என்பார்களோ என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கார்முகில் எழுதியது:

மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. தங்கை இதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். குத்திய இடத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. அதே மணி நேரத்தில் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. தடுப்பு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போடக் கூடாது. தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் போடப்படும் மூன்று தவணைகளை முடித்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துக்கொண்டால் அந்த அச்சம் பெருமளவு நீங்கிவிடும். ஊசியைத் திரும்ப மூடாமல், துளைக்க முடியாத பெட்டியில் அப்போதே போடுவது பழக்கமாகிவிட வேண்டும்.

ஊதியம் பற்றித் தேரோட்டி எழுதியதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். பணியை நேசிப்பவர்கள்தான் அதை உரக்கக் கேட்க வேண்டும்.

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தங்கை இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போகவிருக்கிறாள். அங்கே அவள் எதைக் கேட்க வேண்டும்?

தேரோட்டி எழுதியது:

ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள், எத்தனை மருத்துவருக்கு எத்தனை உதவியாளர்கள், கூடுதல் நேர வேலைக்கு ஊதியம் உண்டா, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை யார் செலவில் போடுகிறார்கள், ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்பவற்றைக் கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு பெயரைச் சொல்ல முடியாத இடத்தை விட்டுவிடட்டும். முந்தைய உதவியாளர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார் என்றும் தயங்காமல் கேட்கலாம்.

வேலையில் சேர்வதை நான் எதிர்க்கவில்லை, சகோதரி. செவிலியர் படிப்புக்குரிய தகுதிகளையும் விண்ணப்பக் காலத்தையும் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளட்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். குடும்பப் பொறுப்புகள் கூடிய பிறகு முழுநேரப் படிப்புக்குத் திரும்புவது எவ்வளவு கடினம் என்பதை என்னோடு இருந்தவர்களிடம் கண்டிருக்கிறேன்.

கார்முகில் எழுதியது:

விசாரித்து வைப்பதில் தவறில்லை. ஆனால் போகும் நாளைக் குறித்துவிட்டு வேலையில் சேர வேண்டாம் என்பேன். நோயாளிகளின் முகங்கள் பழகுவதற்கே ஓராண்டு பிடிக்கும். இந்தப் பணியின் நிறைவு அதன் பிறகுதான் தொடங்குகிறது. நேர்காணலில் இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: உதவியாளர் எடுத்த அளவில் ஐயம் என்று சொன்னால், மருத்துவர் மறுபடி அளந்து பார்ப்பாரா?