‘நிலையான வளர்ச்சி’யா, ‘வளங்குன்றா மேம்பாடா’?

நண்பர்களுக்கு வணக்கம்.

காலநிலைக் கொள்கை பற்றிய ஆவணங்களைத் தமிழாக்குகிறவர் முதலில் இடறும் இடம், ‘sustainable development’ என்பதற்கு வழங்கும் ‘நிலையான வளர்ச்சி’ என்ற தொடர்தான். செய்தித்தாள்களில் அது வேரூன்றிவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பொது வாசகருக்கு அது, பொருளாதாரம் ஆண்டுதோறும் தடையின்றி ஏறிக்கொண்டே போவதைத்தான் நினைவூட்டும். 1987இல், சுற்றுச்சூழலையும் மேம்பாட்டையும் ஆராய ஐ.நா. அமைத்த புருண்ட்லண்ட் ஆணையம் இக்கருத்தைப் பற்றிச் சொன்னதோ, இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும்போது வருந்தலைமுறையின் வழியை அடைத்துவிடக் கூடாது என்பது. 1992ஆம் ஆண்டுக் காலநிலை உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பு இதனை முன்னெடுப்பதை நாடுகளின் உரிமை என்றும் கடமை என்றும் ஒருசேரக் கூறுகிறது. அங்கே ‘நிலையான வளர்ச்சி’ என்று எழுதினால் உரிமை விளங்கும், கடமை விளங்காது.

ஐயமுள்ளவர்கள் ஐ.நா. இதே பெயரில் 2015இல் ஏற்ற 17 இலக்குகளில் எட்டாவதை மொழிபெயர்த்துப் பார்க்கலாம். ‘இடையறாது தொடர்கிற’ என்னும் பொருளுடைய அடைமொழியும் (sustained), நாம் பெயர் தேடும் அடைமொழியும் (sustainable) அந்த ஒரே வாக்கியத்தில் பொருளாதார வளர்ச்சிக்கு அடைகளாக வருகின்றன. ‘நீடித்த’, ‘நிலையான’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஒன்றையே இருமுறை சொன்னதாகிவிடும். மேலும், ‘வளர்ச்சி’ அங்கே உற்பத்திப் பெருக்கத்துக்குத் தேவைப்படுவதால், கல்வியும் உடல்நலமும் அடங்கிய பரந்த பொருளுக்கு வேறு சொல் வேண்டும். இலங்கைத் தமிழர் இதில் நம்மை முந்திவிட்டார்கள்: ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்ற அவர்களது வழக்கில் வளர்ச்சியும் அபிவிருத்தியும் குழம்புவதில்லை. தமிழ்நாட்டில் ‘அபிவிருத்தி’ அருகிவிட்டதால் ‘மேம்பாடு’ போதும் என்பது என் கருத்து.

‘பேண்தகு வளர்ச்சி’ என்பதைச் சிலர் விரும்புகிறார்கள். பேணத் தக்கது எது என்று கேட்டால், வளர்ச்சியே என்றுதான் அத்தொடர் விடை சொல்லும். காடும் நீரும் அதில் இல்லை.

நான் முன்வைப்பது ‘வளங்குன்றா மேம்பாடு’. ‘வளங்குன்றா’ என்பது புதிதன்று. கேடு நேர்ந்த காலத்திலும் வளம் குன்றாத நாடே தலைசிறந்தது என்று குறள் 736 சொல்வது அந்தச் சொல்லைக் கொண்டுதான். ஆக்கமும் எளிது. பண்புப் பெயர் ‘வளங்குன்றாமை’, எதிர்ச்சொல் ‘வளங்குன்றும்’. ‘நிலையான’ என்பதற்கு எதிராக ‘நிலையற்ற’ என்று எழுதினால் பங்குச்சந்தை அல்லவா நினைவுக்கு வரும்!

இக்கருத்து பிறந்த இடமும் வளம்தான். உலோகம் உருக்கும் உலைகள் காடுகளைத் தின்றுகொண்டிருந்த ஜெர்மனியின் சாக்சனியில், சுரங்க நிர்வாகியான கார்லோவிட்ஸ், காடு மீண்டும் தரக்கூடிய அளவுக்குள் மரம் வெட்டுவதைப் பற்றி 1713இல் எழுதினார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காலநிலைச் சிக்கலில் எதுவும் குன்றவில்லை, வளிமண்டலத்தில் கரியமில வாயு கூடிக்கொண்டல்லவா போகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் மனிதர் வெளியிடும் அந்த வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் காடுகளும் கடலுமே உள்வாங்குகின்றன. அந்த ஏற்புத்திறனையும் வளம் என்று கொண்டால் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் காலநிலைக் கொள்கையும் இச்சொல்லுக்குள் வந்துவிடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பிச்சாவரத்து அலையாத்திக் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சேற்றில் கரிமத்தைச் சேர்த்துவைப்பதும், புயலலையின் வேகத்தைக் குறைப்பதும், மீன்குஞ்சுகள் வளர இடம் தந்து மீனவர் வாழ்வைத் தாங்குவதும் அந்த ஒரே காடுதான். அத்தகைய காட்டை வெட்டி இறால் பண்ணை அமைத்தால் வருமானம் பெருகக்கூடும். அதனை ‘வளங்குன்றும் மேம்பாடு’ என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம்.

இதே ஆவணங்களில் வரும் வேறு சொற்களில், உமிழ்வைக் குறைப்பதற்குத் ‘தணிப்பு’ என்பதில் எனக்குத் தடையில்லை. மாறிய காலநிலைக்கேற்ப வாழ்வை அமைத்துக்கொள்வதற்குத் ‘தகவமைப்பு’, ‘இசைவாக்கம்’ இரண்டும் வழங்குகின்றன. உயிரியலில் ‘தகவமைப்பு’ தலைமுறைகள் கடந்து தானாக நிகழ்வதைக் குறிப்பதால், திட்டமிட்டுச் செய்யும் பணிக்கு ‘இசைவாக்கம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். மாற்றுக்கருத்து உடையவர்கள் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு எழுத வேண்டுகிறேன்.