சாட்பாட்டை மனிதர் என்று நம்பவைக்கும் போட்டி: விதிகளை எப்படி வைப்பது?

மாலைநேரம்:
எங்கள் நிரலாளர் குழுவில் ஒரு போட்டி நடத்தலாம் என்று பேச்சு. நடுவர் தட்டச்சு செய்து பேசுவார், மறுபக்கம் இருப்பது மனிதரா பாட்டா (சாட்பாட், அதாவது மனிதர் போல அரட்டை அடிக்கும் நிரல்) என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். லோப்னர் பரிசு என்று இப்படி ஒன்று பல வருடம் நடந்திருக்கிறது, 2019க்குப் பிறகு சத்தமே இல்லை. அதன் விதிகளையே எடுத்துக்கொள்ளலாமா, இல்லை ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகளுக்கு அதெல்லாம் சரிப்படாதா?

பழையநிரல்:
அப்படியே எடுக்காதீர்கள். முதல் போட்டி 1991இல் பாஸ்டனில் ஒரு கணினி அருங்காட்சியகத்தில் நடந்தது. பணம் போட்டவர் ஹியூ லோப்னர். மனிதரிடமிருந்து பிரித்தறியவே முடியாத நிரலுக்கு 1 லட்சம் டாலரும் தங்கப் பதக்கமும் என்றார், அதைக் கடைசிவரை யாரும் வாங்கவில்லை, வருடாவருடம் இருப்பதில் தேவலாம் என்கிற பாட்டுக்கு வெண்கலம் போகும். ஆலிஸ் என்ற பாட் 3 முறை, மிட்சுகு என்ற பாட் 5 முறை ஜெயித்தன. இரண்டுமே நாம் அடிக்கும் சொற்களைப் பொருத்திப் பார்த்து, ஏற்கெனவே எழுதிவைத்த பதிலை எடுத்துக் கொடுக்கும் வகை. 2016இல் லோப்னர் இறந்துவிட்டார், 2019இல் நடுவர்களை எடுத்துவிட்டுப் பார்வையாளர் வாக்குக்கு மாற்றினார்கள், அதோடு சரி.

முதல் வருடம் ஒவ்வொருவரும் தனக்கென ஒரு தலைப்பில் மட்டும்தான் பேசலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. ஷேக்ஸ்பியர் பற்றிப் பேச உட்கார்ந்த ஒரு பெண்மணியை, இத்தனை விவரம் ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்காது என்று சொல்லிக் கணினிக் கணக்கில் சேர்த்த நடுவர்கள் உண்டு. ஜெயித்த நிரல் எடுத்துக்கொண்ட தலைப்பு 'வேடிக்கைப் பேச்சு'. சம்பந்தமில்லாமல் உளறினாலும் தலைப்புக்குள்தானே இருக்கிறது! கில்லாடி வேலை.

ஐயப்பேர்வழி:
இதை அறிவுக்கான சோதனை என்று மட்டும் விளம்பரம் செய்யாதீர்கள். ஏமாற்றும் திறமைக்கான போட்டி என்று நேராகவே சொல்லிவிடலாம். செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கிக்கு இது எவ்வளவு எரிச்சல் என்றால், லோப்னரை நிறுத்தவைப்பவருக்கு 100 டாலர் என்று 1995இல் அறிவித்தார். லோப்னர் சளைத்தவரா? தங்கத்தை யாராவது வென்றால் போட்டி நின்றுவிடும், அப்போது மின்ஸ்கி அந்தப் பணத்தைத் தந்தாக வேண்டும், ஆகவே அவரும் ஒரு புரவலர்தான் என்று சொல்லிவிட்டார்.

2014இல் யூஜின் கூஸ்ட்மேன் என்ற பாட், மறுபக்கம் மனிதரா இயந்திரமா என்று பேசியே கண்டுபிடிக்கும் டூரிங் சோதனையில் தேறிவிட்டது என்று ஆர்ப்பாட்டம் நடந்ததே, அதுவும் இந்தக் கதைதான். 13 வயது உக்ரைன் சிறுவன் என்று வேடம், பிழையாகப் பேசினாலும் ஆங்கிலம் அவன் தாய்மொழி இல்லையே என்று நடுவரே சமாதானம் செய்துகொள்வார். 30 பேரில் 10 பேர் நம்பினார்கள். 30 விழுக்காட்டைத் தாண்டினால் தேர்ச்சி என்றதும் அபத்தம், இந்தச் சோதனையை முன்வைத்த கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950 கட்டுரையில் சொன்னது ஐம்பது வருடம் கழித்து நிலைமை எப்படியிருக்கும் என்ற கணிப்பு, தேர்வு மதிப்பெண் இல்லை.

மாலைநேரம்:
வேடத்தைத் தடைசெய்துவிடலாமா அப்படியானால்? அப்புறம், நடுவர் பெரிய கணக்கு ஒன்றைக் கேட்டு உடனே பிடித்துவிட மாட்டாரா?

மூன்றாம்நாற்காலி:
கணக்குத் தந்திரத்தை டூரிங்கே யோசித்துவிட்டார். அவருடைய மாதிரி உரையாடலில் 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொல்கிறார்கள். மறுபக்கம் அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டு 105621 என்கிறது. கூட்டிப் பாருங்கள், 105721 வரும். மனிதர் மாதிரியே தாமதம், மனிதர் மாதிரியே தப்பு! 75 வருடம் கழித்தும் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வேடத்தைத் தடைசெய்ய வேண்டாம், போட்டி முடிந்ததும் வெளியிட வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள். 2025இல் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த சோதனையில், நடுவர் ஒரு மனிதரிடமும் ஒரு பாட்டிடமும் ஒரே நேரத்தில் 5 நிமிடம் பேசி எது மனிதர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இன்ன மாதிரி ஆளாக நடி என்று சொல்லிக்கொடுத்த ஜிபிடி-4.5ஐ 73 விழுக்காடு முறை மனிதர் என்றார்கள், அதாவது நிஜ மனிதரைவிட அதிக முறை. அந்த வேடக் குறிப்பை எடுத்துவிட்டால் 36க்கு விழுந்துவிட்டது. ஆக அங்கே ஜெயித்ததில் பாதி அந்தக் குறிப்பை எழுதியவர், பரிசையும் அவருக்கே கொடுக்கலாம்.

இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசும் முறையையே எடுங்கள், தனித்தனியாகப் பேசவிட்டால் நடுவர் சந்தேகத்தின் பலனைத் தாராளமாகக் கொடுத்துவிடுவார். பதில் வரும் வேகம் காட்டிக்கொடுக்காமல் இருக்க இரு பக்கத்துக்கும் ஒரே தாமதம் வையுங்கள். 1966இல் வந்த எலிசா என்ற பழைய எளிய பாட்டையும் நடுவரிடம் சொல்லாமல் உள்ளே விடுங்கள். அந்த ஆய்வில் அது 23 விழுக்காடு வாங்கியது, வேடம் போடாத ஜிபிடி-4ஓ வாங்கியது 21! உங்கள் போட்டியில் எலிசா பாதியை நெருங்கினால் நடுவர்களை மாற்றுங்கள்.

மாலைநேரம்:
எலிசா யோசனை அருமை, சேர்க்கிறேன். மனிதர் பக்கம் யாரை உட்காரவைப்பது?

பழையநிரல்:
கலகலப்பாகப் பேசத் தெரிந்தவர்களை. இயல்பாக இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் 'ம்', 'சரி', 'தெரியாது' என்று ஒப்பேற்றிவிட்டு வந்துவிடுவார்கள், அப்படிப்பட்டவர் பக்கத்தில் எந்த பாட்டும் மனிதராகத்தான் தெரியும். தன்னை மனிதர் என்று நிரூபிப்பவருக்கும் தனியாக ஒரு பரிசு வையுங்கள், லோப்னர் போட்டியிலும் அது இருந்தது.