திட்ட மேலாளரைத் தாண்டி நிரலாளர்களிடமே மாற்றம் கேட்கும் வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வது?

கேள்வி (கோலாலம்பூர்)

வணக்கம். நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராகப் பணியாற்றுகிறேன். மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை, மலேசிய உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்னணு விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) தளமான மைஇன்வாய்ஸோடு இணைத்துக் கொடுப்பது எங்கள் பணி. பணியின் வரம்பை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கிறோம்; வாடிக்கையாளர் தரப்பில் ஒப்புதல் தர வேண்டியவர் அவர்களுடைய நிதி மேலாளர். ஆனால் அவர்களுடைய விற்பனை இயக்குநரான டத்தோ (மலேசியாவில் வழங்கப்படும் கௌரவப் பட்டம் பெற்றவர்), என்னிடமோ நிதி மேலாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் நிரலாளர்களுக்கே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பி மாற்றம் கேட்கிறார். வயதில் இளையவர்களான அவர்களுக்கு ஒரு டத்தோவிடம் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. இரவு கண்விழித்துச் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

அண்மையில் அவர் கேட்டது, அனுப்பிய இன்வாய்ஸை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யும் பொத்தான். வாரியம் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட இ-இன்வாய்ஸை 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதன் பிறகு, தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போன்ற திருத்த ஆவணம்தான் அனுப்ப வேண்டும். இந்த விதி தெரியாத நிரலாளர் பொத்தானை அமைத்துவிட்டார். சோதனையில் பார்த்தபோது, எங்கள் திரையில் ரத்தாகிவிட்டதாகத் தெரிந்த அதே இன்வாய்ஸ் மைஇன்வாய்ஸில் செல்லுபடியாகவே இருந்தது. எங்கள் முதலாளியோ, அவர்கள் பெரிய வாடிக்கையாளர் என்பதால் அனுசரித்துப் போகச் சொல்கிறார். டத்தோவின் மனம் நோகாமல் இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

மறுமொழி 1 (பெட்டாலிங் ஜெயா)

நான் கட்டுமானத் துறையில் அளவு மதிப்பீட்டாளர். எங்களுக்கும் இதே தொல்லை உண்டு. கட்டட உரிமையாளர் வேலையிடத்துக்கு வந்து, சுவரை இன்னும் சற்றுத் தள்ளிக் கட்டு என்று மேஸ்திரியிடமே சொல்லிவிட்டுப் போவார். மலேசியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு ஒப்பந்தப் படிவம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உத்தரவு கட்டடக் கலைஞரிடமிருந்து, உத்தரவு என்ற தலைப்போடு, எழுத்தில் வர வேண்டும். கடிதமாகவோ வரைபடமாகவோ அவர் வேறு வகையில் எழுதித் தந்தால், ஒப்பந்ததாரர் அதை எழுத்தில் உறுதிப்படுத்தினாலே அது உத்தரவாகும். வாங்கிக்கொள்பவரே எழுதி உறுதிப்படுத்தலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் பெரியவர் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் வரை கீழே இருப்பவர் காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் நிரலாளர்களும் முடியாது என்று சொல்ல வேண்டாம். "டத்தோ, உங்கள் கோரிக்கையைக் குறித்துக்கொண்டேன், செலவையும் தேதியையும் எங்கள் மேலாளர் இன்றே தெரிவிப்பார்" என்று எழுதிவிட்டு, அந்தக் குரல்பதிவை உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் அதை ஒரு பத்தியாக எழுதி, நிதி மேலாளருக்கும் டத்தோவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நிதி மேலாளர் ஒப்புக்கொள்ளும் வரை யாரும் நிரலைத் தொடக்கூடாது.

மறுமொழி 2 (பினாங்கு)

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், வாடிக்கையாளர் இருக்கையில் அமர்ந்திருப்பவன். மேலே சொன்ன முறை சரிதான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் டத்தோ குரல்பதிவை விட்டுவிட்டு நிரலாளரை மாமாக் கடைக்கு (உணவுக் கடைக்கு) அழைத்துப் பேசுவார். மேலாளரிடம் கேட்டால் பதில் வரப் பல நாளாகும் என்று தோன்றும்போதுதான் எங்களைப் போன்றவர்கள் சுற்றுவழியைத் தேடுகிறோம். சிறிய கோரிக்கைக்கு மறுநாளுக்குள் பதில் உண்டு என்று வாக்குக் கொடுங்கள், அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள்.

அதோடு, அவர் ஏன் அந்தப் பொத்தானைக் கேட்டார் என்று நேரில் போய்க் கேளுங்கள். கடைக்காரர்கள் சரக்கை ஒரு வாரம் கழித்துத் திருப்பி அனுப்புவதும், விலையில் தகராறு செய்வதும் மொத்த வியாபாரத்தில் அன்றாடம் நடப்பவை. அவருடைய விற்பனையாளர்கள் அதில் அல்லாடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால், 72 மணி நேரத்துக்குள் ரத்து, தாண்டினால் கிரெடிட் நோட் என்று மென்பொருளே நேரம் பார்த்து வழிகாட்டும் ஒரு பொத்தானை முறையான மாற்றக் கோரிக்கையாக அவர் முன் வையுங்கள். கேட்டதைவிட நல்லது உங்கள் வழியாகக் கிடைத்தால் அவர் உங்களிடமே வருவார்.

மறுமொழி 3 (கோலாலம்பூர்)

உங்கள் முதலாளியைச் சம்மதிக்க வைக்காமல் இவை எதுவும் நிலைக்காது. நிரலாளர்கள் டத்தோவின் மாற்றங்களுக்குச் செலவிட்ட மணிநேரத்தைத் தனியாகக் கணக்கிட்டு, கட்டணம் கேட்க முடியாத தொகை இவ்வளவு என்று ரிங்கிட்டில் காட்டுங்கள். அனுசரிப்பது என்பது அவர் எடுக்கும் முடிவு. விலை தெரிந்து எடுக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டத்தோவை நேரில் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட மற்ற மாற்றங்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 1 (பெட்டாலிங் ஜெயா)

ஓசைப்படாமல் நீக்கினால் டத்தோவின் நம்பிக்கை போய்விடும். எந்த மாற்றம், எந்தத் தேதியில், யார் கேட்டது என்று எழுதி, ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நிதி மேலாளரிடம் ஒப்புதல் வாங்குங்கள். ரத்து செய்யும் பொத்தானை மட்டும் இன்றே மறைத்துவிட்டு, காரணத்தை டத்தோவுக்கும் நிதி மேலாளருக்கும் எழுதிவிடுங்கள். அது நேரடிப் பயன்பாட்டுக்குப் போய்விட்டால் அவர்களுடைய கணக்கும் வாரியத்தின் பதிவும் ஒத்துப்போகாது.